காற்றின் தடம் கண்டவர்

நுழையும்முன்

பயிரை அழிக்கும் நோய் எங்கிருந்து வருகிறது? மண்ணின் குறையாலா, மழையின் மிகுதியாலா, உழவரின் பிழையாலா? ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இலங்கை மலைநாட்டில் இவ்வினா பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வோடு பிணைந்து நின்றது. விடை தேடிக் கடல் கடந்து வந்த இளைஞர் ஒருவர், நோய் ஏறிவரும் ஊர்தி காற்றே என்று மெய்ப்பித்தார். ஆயினும், அவ்விடை அந்தப் பயிரைக் காக்கவில்லை. காக்க இயலாது என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்த ஹாரி மார்ஷல் வார்டு என்னும் அறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

செம்மஞ்சள் பொடி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் செல்வம் காப்பியாக இருந்தது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்திருந்த காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டன, எரிக்கப்பட்டன, சரிவெங்கும் காப்பிச் செடிகள் வரிசை வரிசையாக நின்றன. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் பின்னே புறப்பட்ட அவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியாலும் பேதி நோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பிழைத்துச் சேர்ந்தவர்கள் காப்பிப் பழம் பறித்தனர். 1870ஆம் ஆண்டளவில் இலங்கை ஆண்டுக்கு ஏறத்தாழ பத்துக் கோடி இறாத்தல் காப்பியை ஏற்றுமதி செய்தது.

அச்செழிப்பின் உச்சியில், 1869ஆம் ஆண்டு, மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் சில செடிகளின் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டால் துருப்பிடித்த இரும்பைத் தொட்டாற்போல் நிறம் ஒட்டியது. சில நாள்களில் இலை உதிர்ந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த துவைட்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சையியல் அறிஞர் பெர்க்லி அதனை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத பூஞ்சை அதுவெனக் கண்டார். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரும் இட்டார்.

பெயர் கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. உதிர்ந்த இலைகளுக்கு மாற்றாகச் செடி மீண்டும் தளிர்த்தது. ஆகவே, இது கடந்துபோகும் துன்பம் என்று தோட்ட உரிமையாளர்கள் எண்ணினர். ஆனால், தளிரும் நோயுற்று உதிர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு செடி மெலிந்தது, காய்ப்புக் குறைந்தது. அக்காலத்தில் காப்பியின் விலை உயர்ந்துகொண்டிருந்தமையால் இழப்பு கணக்கில் தெரியவில்லை. இன்னும் உயரமான காடுகளும் அழிக்கப்பட்டுக் காப்பி நடப்பட்டது. மண் சோர்ந்துவிட்டது என்றனர் சிலர். பருவம் பிழைத்தது என்றனர் வேறு சிலர். எருவிட்டால் சரியாகும் என்றனர் மற்றும் பலர். பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தபின்னரே, நோயை ஆராயத் தனியே ஓர் அறிஞரை அமர்த்த அரசு முடிவு செய்தது. அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே வார்டு.

இளமையும் கல்வியும்

ஹாரி மார்ஷல் வார்டு 1854ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். தந்தை இசைக் கலைஞர். குடும்பத்தில் வசதி குறைவு. ஆதலால், வார்டு தம் 14ஆம் வயதில் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. எனினும், கற்கும் ஆர்வம் நீங்கவில்லை. மாலை வகுப்புகளுக்குச் சென்று அறிவியல் பயின்றார். பின்னர் இலண்டனின் தெற்குக் கென்சிங்டனில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியின் வகுப்பில் சேரும் வாய்ப்பு அமைந்தது. நூலில் உள்ளதை ஒப்பிக்காமல், உயிரைக் கண்முன் வைத்து நுண்ணோக்கியில் கண்டு தெளியும் முறை அங்கே கற்பிக்கப்பட்டது. அதுவே வார்டின் வாழ்நாள் முறையாயிற்று.

உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்டு கல்லூரியில் பயின்ற அவர், 1879ஆம் ஆண்டு இயற்கை அறிவியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், தாவர உடலியலில் தலைசிறந்து விளங்கிய சாக்ஸ் என்பாரிடம் சிறிது காலம் பயிற்சி பெற்றார். 1880ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தாறு. நுண்ணோக்கியையும் கற்ற முறையையும் தவிர அவரிடம் வேறு படைக்கலம் இல்லை. தோட்ட உரிமையாளர்களோ, மருந்தொன்றைக் கையில் கொண்டுவரும் மருத்துவரை எதிர்பார்ப்பது போல் அவரை எதிர்பார்த்திருந்தனர்.

இலையின் உள்ளே

வார்டு மருந்தைத் தேடவில்லை; முதலில் நோயின் வாழ்க்கையைத் தேடினார். எதிரி பிறப்பது எங்கே, நுழைவது எவ்வழி, வளர்வது எத்தனை நாள், பரவுவது எவ்வாறு என்பன தெரியாமல் தெளிக்கப்படும் மருந்து இருளில் எறியும் கல் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இலையின் அடியில் இருந்த செம்மஞ்சள் பொடி, பூஞ்சையின் வித்துகளே. அவற்றை எடுத்து நலமான காப்பி இலைகளின்மேல் நீர்த்துளியோடு வைத்து, மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் நோக்கினார். ஈரம் கிடைத்ததும் வித்து முளைத்தது. மெல்லிய குழல் ஒன்று நீண்டது. அக்குழல் இலையின் அடிப்புறத்தில் உள்ள இலைத்துளையை அடைந்து உள்ளே புகுந்தது. செடி சுவாசிக்கும் வாயிலே நோய் நுழையும் வாயிலும் ஆயிற்று. உள்ளே சென்ற பூஞ்சை, இலையின் உயிரணுக்களுக்கிடையே இழைகளாகக் கிளைத்து, அவற்றின் உணவை உறிஞ்சியது. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்கள் வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதன்பின் மஞ்சள் புள்ளி தோன்றியது. புள்ளியின் அடியில் புதிய செம்மஞ்சள் வித்துகள் வெடித்து வெளிவந்தன. வித்து வைக்கப்படாத இலைகள் நலமாகவே இருந்தன.

இவ்வெளிய ஆய்வு பல ஊகங்களை ஒருசேர வீழ்த்தியது. நோய் வேரின் வழியாக வரவில்லை. மண்ணின் சோர்விலிருந்து பிறக்கவில்லை. நன்கு எருவிடப்பட்ட செடியின் இலையிலும் வித்து முளைத்தது. ஊட்டம் பெற்ற செடி நோயைச் சிறிது காலம் கூடுதலாகத் தாங்கும், தடுக்காது. மேலும், வெளியே புள்ளி தெரியும் நாளுக்கு வெகு முன்னரே பூஞ்சை இலைக்குள் குடிபுகுந்துவிடுகிறது. கண்ணுக்கு நோய் தெரிந்தபின் தொடங்கும் மருத்துவம் காலம் கடந்த மருத்துவமே என்பது இதனால் புலனாயிற்று.

தெரிந்து தெளிவோம்

ஹெமிலியா என்பது பாதி வழவழப்பானது என்னும் பொருள் தரும். இப்பூஞ்சையின் வித்து ஆரஞ்சுச் சுளை போன்ற வடிவுடையது. அதன் முதுகுப் பக்கம் முட்களோடும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருக்கும். வாஸ்டாட்ரிக்ஸ் என்பது பாழாக்குவது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்.

கண்ணாடித் தகட்டில் காற்று

நோய் இலைக்குள் நுழையும் வழி தெரிந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்கு, ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு அது செல்லும் வழி எது? மனிதர் காலும் கையும் உடையும் வித்துகளைச் சிறிது தூரம் சுமக்கலாம். ஆனால், ஆள் நடமாட்டம் அற்ற சரிவுகளிலும் நோய் தோன்றியது. காற்றின்மேல் ஐயம் கொள்வது எளிது. ஐயத்தை மெய்ப்பிப்பதே அரிது.

வார்டு கண்ணாடித் தகடுகளை எடுத்தார். பிசுபிசுப்பான கிளிசரினை அவற்றின்மேல் மெல்லப் பூசி, தோட்டத்தில் காற்றுபடும் இடங்களில் வைத்தார். காற்றில் மிதந்து வந்தவை தகட்டில் ஒட்டிக்கொண்டன. பின்னர் அவற்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, தூசிக்கும் மகரந்தத்துக்கும் இடையே, முதுகில் முட்கள் கொண்ட அந்த வித்துகள் கிடந்தன. வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஒரு படையெடுப்பு, உள்ளங்கையளவுக் கண்ணாடியில் சிக்கியது. பயிர்நோயின் வித்துகளைக் காற்றிலிருந்தே பிடித்துக் காட்டிய தொடக்ககால ஆய்வுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

காற்றும் மழையும் மாறிமாறி வரும் பருவத்தில் நோய் பெருகுவதன் காரணமும் இப்போது தெளிவாயிற்று. காற்று வித்தைச் சுமந்து வந்து இலையில் இடுகிறது. மழையும் பனியும் அது முளைக்க ஈரம் தருகின்றன. சில வாரங்களில் அந்த இலையே புதிய வித்துகளின் களஞ்சியமாகிறது. அடுத்த காற்று அவற்றை அள்ளிச் செல்கிறது. இவ்வாறு சுற்று சுற்றாக நோய் பெருகுகிறது.

ஆயினும், காற்று மட்டும் குற்றவாளி அன்று என்பதையும் வார்டு கண்டார். பழைய காட்டில் நூறுவகை மரங்கள் கலந்து நின்றன. காற்றில் வரும் வித்து தனக்கு ஒவ்வாத இலையில் விழுந்தால் மடியும். ஒன்று தப்பி உரிய செடியை அடைந்தாலும், அதன் அண்டையில் அதே இனச்செடி இராது. காட்டை அழித்து மலைக்கு மலை ஒரே செடியை நட்டபோது நிலை மாறியது. வித்து எங்கே விழுந்தாலும் அதற்கு உணவு காத்திருந்தது. இடையில் காற்றைத் தடுக்க மரமும் இல்லை. காற்றுக்கு வழியையும் பூஞ்சைக்கு விருந்தையும் மனிதரே அமைத்துக் கொடுத்திருந்தனர்.

கசப்பான உண்மை

இரண்டாண்டுக் காலம் உழைத்து வார்டு மூன்று அறிக்கைகள் அளித்தார். அவற்றில் பூஞ்சையின் வாழ்க்கை முழுமையாக விளக்கப்பட்டிருந்தது. கந்தகம், சுண்ணாம்பு முதலியவற்றைக் கொண்டு செய்யப்பட்ட முயற்சிகளும் ஆராயப்பட்டிருந்தன. மருந்து பயன்பட வேண்டுமாயின், வித்து முளைப்பதற்கு முன்பே அது இலையின்மேல் இருத்தல் வேண்டும். உள்ளே புகுந்த பூஞ்சையை இலையைக் கொல்லாமல் கொல்ல இயலாது. ஆனால், மலைநாட்டின் பெருமழை தூவியதைக் கழுவிச் சென்றது. இலட்சக்கணக்கான ஏக்கரில் ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் மீண்டும் மீண்டும் காப்பது ஆகக்கூடிய செயலாகவும் இல்லை.

நோய் வேரூன்றிய தோட்டங்களை முற்றிலும் மீட்கும் மருந்து ஏதும் தம்மிடம் இல்லை என்பதை வார்டு மறைக்கவில்லை. தோட்ட உரிமையாளர்கள் மனம் கசந்தனர். நோயின் வரலாற்றைச் சொல்லும் மனிதரன்றி, நோயைத் தீர்க்கும் மனிதரே அவர்களுக்கு வேண்டியிருந்தது. பொய்யான நம்பிக்கை தரும் சொற்களைச் சொல்லி அவர் நற்பெயர் பெற்றிருக்கலாம். கைக்கு வந்த மருந்தொன்றைப் பரிந்துரைத்து, அதன் தோல்வி வெளிப்படுமுன் கப்பலேறியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தாம் கண்டதை எழுதினார்; தம்மால் இயலாததையும் எழுதினார். 1882ஆம் ஆண்டு இலங்கையை விட்டுப் புறப்பட்டார்.

சில ஆண்டுகளில் பிரான்சு நாட்டில் மில்லார்தே என்னும் அறிஞர், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைக் கண்டறிந்து, 1885ஆம் ஆண்டு வெளியிட்டார். திராட்சையைக் காத்த அக்கலவை, இலையின் மேற்பரப்பிலேயே வித்து முளைப்பதைத் தடுப்பது. வார்டு வலியுறுத்திய முற்காப்பு நெறியில் செயற்படுவது. பின்னாளில் காப்பித் தோட்டங்களிலும் அது பயன்பட்டது. இலங்கைக் காப்பிக்கோ அதற்குள் காலம் கடந்துவிட்டது.

காப்பி போய்த் தேயிலை

1884ஆம் ஆண்டு, தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, பல கைவிடப்பட்டன. 1870இல் ஏற்றுமதியான காப்பியில், இருபது ஆண்டுகள் கழித்துப் பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. காப்பிச் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துர தோட்டத்தில் பயிரிட்டுக் காட்டியிருந்த தேயிலை, காப்பியின் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றம் செடியின் மாற்றம் மட்டுமன்று. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய தொழிலாளர் பலர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். எனவே, தமிழ்க் குடும்பங்கள் மலைநாட்டிலேயே நிலையாகத் தங்கின. இன்று இலங்கையின் மலையகத் தமிழர் எனப்படும் மக்களின் வரலாற்றில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை வித்துக்கும் பங்குண்டு. காப்பி வீழ்ந்தபோது முதலாளியின் இழப்பு கணக்கேட்டில் பதிவாயிற்று. ஊதியம் இழந்து வழி தெரியாது நின்ற தொழிலாளியின் இழப்போ பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஆசிரியராய், ஆய்வாளராய்

இங்கிலாந்து திரும்பிய வார்டு, மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரியில் பணியாற்றினார். 1885 முதல் பத்தாண்டுகள் கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த அரசு இந்தியப் பொறியியல் கல்லூரியில், இந்தியக் காடுகளுக்குச் செல்லவிருந்த வனத்துறை மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்தார். கற்பித்தலோடு ஆய்வையும் விடவில்லை. லில்லிச் செடியைத் தாக்கும் பூஞ்சை, செடியின் உயிரணுச் சுவரைக் கரைத்து உட்புகும் முறையை 1888ஆம் ஆண்டு விளக்கினார். அவ்வாண்டே இலண்டன் அரசு கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1893ஆம் ஆண்டு அக்கழகத்தின் அரசப் பதக்கமும் அவரைச் சேர்ந்தது. சூரிய ஒளி நுண்ணுயிர்களைக் கொல்லும் ஆற்றலையும் அவர் ஆராய்ந்தார்.

1895ஆம் ஆண்டு, தாம் மாணவராகப் பயின்ற கேம்பிரிட்ஜிலேயே தாவரவியல் பேராசிரியரானார். அவர் முயற்சியின் பயனாகத் தாவரவியல் துறைக்கு 1904ஆம் ஆண்டு புதிய கட்டடம் எழுந்தது. இறுதி ஆண்டுகளில் மீண்டும் துரு நோய்க்கே திரும்பினார். காப்பிக்கு மாறாக இம்முறை எடுத்துக்கொண்டது புரோம் என்னும் புல்லினம். ஒரே துருப்பூஞ்சை சில புல்வகைகளை எளிதில் தாக்குவதையும், வேறு சிலவற்றை நெருங்க இயலாமல் நிற்பதையும் ஆராய்ந்தார். காற்றைத் தடுக்க இயலாதெனின், காற்று கொண்டுவருவதை எதிர்த்து நிற்கும் செடியை அறிய வேண்டும் என்னும் திசையில் அவ்வாய்வு சென்றது. அவரது துறையில் பணியாற்றிய பிஃபன், கோதுமையின் நோயெதிர்ப்புத் தன்மை மரபுவழி இறங்குவது என்பதை 1905ஆம் ஆண்டு வெளிப்படுத்தினார்.

1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், தம் 52ஆம் வயதில் வார்டு டார்க்கீ நகரில் காலமானார். இமயமலைப் பகுதிகளில் அலைந்து அரிய மலர்ச்செடிகளைத் தேடித் தந்த பிராங்க் கிங்டன்-வார்டு இவருடைய மகனாவார்.

கரும்புக்கும் அதே காற்று

வார்டு கண்ட உண்மை காப்பியோடு முடிந்துவிடவில்லை. 1978ஆம் ஆண்டு, கரீபியத் தீவு நாடாகிய டொமினிக்கன் குடியரசின் கரும்பு வயல்களில் துரு நோய் தோன்றியது. அமெரிக்கக் கண்டத்தின் கரும்பில் அதற்குமுன் பரவியிராத நோய் அது. அக்காலத்துக் காற்றோட்டங்களை ஆராய்ந்த அறிஞர்கள், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து காற்றே வித்துகளைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தனர். மறு ஆண்டே நோய் புளோரிடாவை எட்டியது. கியூபாவில் பெரும்பரப்பில் பயிரிடப்பட்டிருந்த ஒரே வகைக் கரும்பு அந்நோய்க்கு எளிதில் இரையாயிற்று. அவ்வகையை நீக்கி, எதிர்ப்புத் திறனுள்ள வேறு வகைகளை நடவேண்டியதாயிற்று. இடம் வேறு, பயிர் வேறு, பூஞ்சையும் வேறு. வழி ஒன்றே: எல்லையறியாத காற்றும், எதிரே ஒரே இனமாய் விரிந்து கிடந்த வயலும்.

இன்று உலகின் பல நாடுகளில், பசைபூசிய பரப்பில் காற்றின் வித்துகளைப் பிடிக்கும் கருவிகள் வயலோரங்களில் இயங்குகின்றன. நோய் கண்ணுக்குத் தெரியுமுன்னரே அதன் வருகையை அவை உழவருக்கு உணர்த்துகின்றன. இலங்கை மலைச்சரிவில் இளைஞர் ஒருவர் கிளிசரின் பூசி வைத்த கண்ணாடித் தகட்டின் வழித்தோன்றல்கள் அவை. தம் காலத்துப் பயிரை வார்டால் காக்க முடியவில்லை. ஆனால், முடியாது என்பதை மறைக்காமல், ஏன் முடியாது என்பதையும் விளக்கி எழுதிவைத்தார். அந்த விளக்கத்திலிருந்தே பின்வந்தோர் தொடங்க முடிந்தது.